கிறிஸ்துமஸ் சாயங்காலம் பக்கத்து வீட்டாரோடு பலகாரம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பண்டிகை என்றால் டப்பா கைமாறும். தீபாவளிக்கு அதிரசமும் மிக்சரும் வரும், பெருநாளுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக்கும் அச்சு முறுக்கும் கொடுப்போம். கொடுக்கிறவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். வாங்குகிறவர் "எதுக்கும்மா இவ்வளவு சிரமம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கதவைச் சாத்திவிடுவார். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே படிக்கட்டில் வருடக்கணக்காக ஏறி இறங்குகிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசியதே இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் டிசம்பர் பாதியிலேயே வீடுகளில் பலகாரம் சுட ஆரம்பித்துவிடுவார்கள். அது ஒரு வீட்டு வேலையாக இருக்காது. முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க நாலைந்து பேர் வேண்டும். பாகு ஊற்றிய மாவைச் சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காருவார்கள், இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. சென்னைக்குக் குடிவந்த பிறகு பலகாரம் இருந்தது, அந்த உட்காருதல் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினோம். சில ஆண்டுகளாக நடத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு மட்டுமில்லை, எந்தப் பண்டிகைக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் நாளும் நேரமும். டிசம்பர் 24 சரிவராது. அன்று நள்ளிரவுத் திருப்பலி இருக்கிறது, வீட்டில் குடில் வேலை, சமையல் வேலை எல்லாம் குவிந்து கிடக்கும். அதற்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. 26-க்குப் பிறகு பாதிப் பேர் விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். 25 அரசு விடுமுறை, பெரும்பாலும் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த அசதியும் தீர்ந்துவிடும். அதனால் 25 மாலை நாலரை முதல் ஏழு வரை என்று வைத்துக்கொண்டோம்.

நாலரை என்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் தளத்தில் ஒரு சமணக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடமாட்டார்கள். டிசம்பர் கடைசியில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு அழைத்தால் அவர்கள் வந்து, வெறும் கையோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா குடும்பத்துக்கு அதே நேரத்தில் மக்ரிப் தொழுகை. நாலரைக்கு ஆரம்பித்தால் சமணர்கள் முதலில் சாப்பிட்டுவிடுவார்கள். அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டு, தொழுகைக்கு எழுந்துபோய்த் திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை "எதுக்குக்கா எழுந்து போய்ட்டு வர்றீங்க, உள் ரூம்லயே தொழுதுக்கோங்க" என்றேன். அன்றிலிருந்து அந்த அறையை அந்த நேரத்துக்கு ஒழித்து வைத்துவிடுகிறோம்.

அழைப்பதை வாட்ஸாப் குழுவோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குழுவில் போடும் செய்தி எல்லாருக்கும் பொதுவானது, அதனால் யாருக்கும் உரியதாகத் தோன்றுவதில்லை. டிசம்பர் 15 வாக்கில் நானும் என் கணவரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வோம். அப்போது இரண்டு கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவேன்: வீட்டில் யார் யார் முட்டை சாப்பிடமாட்டீர்கள், யாருக்காவது முந்திரி, நிலக்கடலை, எள், பால் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. இந்தக் கேள்விகளில் யாரும் முகம் சுளித்ததில்லை. மாறாக, கேட்டதே அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. மேல்மாடி மாமி, "இத்தனை வருஷத்துல எங்கிட்ட இதை யாருமே கேட்டதில்லடி, கேக்னாலே வேண்டாம்னுடுவேன்னு அவாளா நினைச்சுண்டு விட்டுடுவா" என்றார்.

போய் அழைக்கும்போதுதான் வீட்டு நிலவரமும் தெரியும். அந்த ஆண்டில் சாவு நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடமாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது பெரிய வேதனையைத் தரும், வற்புறுத்தி அழைப்பதும் தவறு. நான் உள்ளே போய் உட்கார்ந்து பேசிவிட்டு, "இந்த மாதிரி வச்சிருக்கோம், உங்களுக்குத் தோணினா வாங்க, இல்லேன்னா நான் வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். சிலர் வருவார்கள். வராதவர்கள் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் பலகாரம் என்ற பேச்சே இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இனி என்ன செய்வது என்ற கேள்வி. நமக்கு எது நன்றாகச் செய்ய வரும் என்பதிலிருந்து தொடங்குவார்கள். நான் யார் வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். டிசம்பர் நம் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் பண்டிகைக் காலம் இல்லை. மார்கழி பிறந்திருக்கும், மாமி வீட்டில் விடிகாலையில் திருப்பாவை நடக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விரதத்தில் இருப்பார்கள், மண்டல பூஜை 26, 27 வாக்கில்தான் வரும். எங்கள் கீழ்த்தளத்துத் தம்பி ஆண்டுதோறும் மாலை போடுகிறவர். மாலை போட்டிருக்கும்போது வெளியில் எதுவும் சாப்பிடமாட்டார். முதலில் வரத் தயங்கினார். "சாமி, நீங்க சாப்பிட வேண்டாம், வந்து உட்காருங்க போதும்" என்றார் என் கணவர். அவருக்காக ஒரு தட்டில் முழு வாழைப்பழமும் உரிக்காத ஆரஞ்சும் வைப்போம். எங்கள் அடுப்படியைத் தொடாதவை. அதை எடுத்துக்கொண்டு ஏழு மணி வரை இருந்து பேசிவிட்டுத்தான் போனார். எல்லாரும் ஒன்றையே சாப்பிட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊர் முந்திரிக்கொத்துக்கு ஈடே இல்லை. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறு. முட்டை இல்லை, பால் இல்லை, நெய்கூடத் தேவையில்லை. அரைக்கிலோ முழுப் பாசிப்பயற்றை மிதமான தீயில் வாசனை வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துவிட்டுக் கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுத்து, 50 கிராம் எள்ளையும் வறுத்துச் சேர்த்து, ஏலக்காயும் சுக்கும் பொடித்துப் போட வேண்டும். 350 முதல் 400 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ எடுத்துக் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதத்துக்குப் பாகு காய்ச்சி இதில் ஊற்றிக் கிளறிச் சூட்டோடு சின்ன உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். ஓர் இரவு காற்றாட விட்டால் உருண்டை இறுகிக்கொள்ளும். மறுநாள் பச்சரிசி மாவும் கொஞ்சம் மைதாவும் மஞ்சள்தூளும் உப்பும் கரைத்து, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொண்டு, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விட வேண்டும். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயில்தான் சுடுவோம். சென்னையில் பலருக்கு அந்த வாசனை பழக்கமில்லை, ஆகவே இங்கே கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டேன். உள்ளே பூரணம் ஏற்கெனவே வெந்தது, மேல்மாவு வெந்தால் போதும். அதிக நேரம் எண்ணெயில் கிடந்தால் பாகு இளகி வெளியே வந்துவிடும்.

அச்சு முறுக்கு கொஞ்சம் சிக்கலானது, எங்கள் வழக்கத்தில் முட்டை சேர்ப்போம். இங்கே இரண்டு விதமாகவும் சுடுகிறேன். அரைக்கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்த மாவு, 100 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரைப் பொடி, ஒரு தேங்காயின் கெட்டிப்பால், கறுப்பு எள், ஒரு சிட்டிகை உப்பு. இது முட்டை இல்லாத மாவு. முட்டை வேண்டும் என்றால் இரண்டு முட்டையை நன்றாக அடித்துச் சேர்த்துத் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கூடினால் முறுக்கு சீக்கிரம் சிவந்துவிடும், அச்சிலும் ஒட்டும்.

அச்சு புதியது என்றால் ஓர் இரவு கஞ்சித் தண்ணீரில் போட்டு வைத்து, கழுவித் துடைத்து, அடுத்து எண்ணெயில் ஊறவிட்டால்தான் பழகும். சுடும்போது எண்ணெயிலேயே அச்சு நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கிவிட்டால் முறுக்கு கழன்று வராது. என் அம்மா ஒவ்வொரு முறையும் போனில் இதைத்தான் சொல்வார், "மக்களே, அச்சு காயட்டு, அவசரப்படாத" என்று.

இதில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முட்டை இல்லாததை முதலில் சுட வேண்டும். புது எண்ணெய், கழுவி உலர்த்திய அச்சு, முட்டை படாத கரண்டி. அது முழுவதும் முடிந்து, ஆறி, தனி டின்னுக்குள் போன பிறகுதான் முட்டை மாவைக் கரைக்கவே எடுக்க வேண்டும். "இது முட்டை போடாதது" என்று சொல்லிவிட்டு, முட்டை முறுக்கு சுட்ட எண்ணெயிலேயே அதையும் சுட்டால் நாம் சொன்ன சொல் பொய்யாகிவிடும். விருந்தாளிக்குத் தெரியவா போகிறது என்று நினைக்கக்கூடாது. அவர்கள் நம்மை நம்பித்தான் வாயில் வைக்கிறார்கள். தட்டில் வைக்கும்போதும் முட்டை சேர்ந்தவை ஒரு மேசை, சேராதவை ஒரு மேசை. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் பெயரையும், உள்ளே முட்டை, பால், முந்திரி, எள், கடலை இவற்றில் என்னென்ன இருக்கிறது என்பதையும் அட்டையில் தமிழில் எழுதி வைத்துவிடுவாள் என் மகள். இடுக்கியும் தட்டுக்கு ஒன்று தனியாக. பொது இடுக்கி வைத்தால் எல்லாம் கலந்துவிடும்.

கேக்கிலும் இதே விஷயம்தான். பிளம் கேக்குக்கு உலர்பழங்களை ரம்மில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டாரை அழைக்கிற அன்றைக்கு அது வேண்டாம். உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ஆரஞ்சுச் சாற்றில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் பழம் நன்றாக ஊதிக்கொள்ளும். ரம்மில் ஊறியதைப்போல இது நாள்பட நிற்காது, அன்றோ மறுநாளோ பயன்படுத்திவிட வேண்டும், அதுவரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். சில வெனிலா எசென்ஸில் ஆல்கஹால் இருக்கும், அதனால் நான் அதையும் போடுவதில்லை. ஏலக்காய், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் போதும். அந்தக் கரும்பழுப்பு நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கிச் சேர்க்கிறோம். 100 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் உருக்கி, நல்ல பழுப்பு நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 100 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்தால் கேக் மென்மையாகவே வருகிறது. ஒரு கிலோ கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் 25 முதல் 30 வரை கிடைக்கும். பல வகைப் பலகாரம் இருக்கும்போது ஒருவர் ஒரு துண்டுக்கு மேல் எடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஜெல்லி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஜெலட்டின் என்று இருந்தால் அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சைவக்காரர்களும் தொடமாட்டார்கள், முஸ்லிம்களும் தயங்குவார்கள். மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா இதற்கு ஒரு நல்ல வழி காட்டினார். நோன்புக்கு அவர்கள் வீட்டில் செய்கிற கடல்பாசி. சைனா கிராஸ் என்று கடையில் கிடைக்கும், கடலில் விளைகிற பாசியிலிருந்து வருவது. 10 கிராமைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவிட்டு, ஒரு துணுக்குகூட இல்லாமல் கரைந்த பிறகு காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரலாம். தட்டில் ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே உறைந்துவிடும். பால் வேண்டாம் என்கிறவர்களுக்கு இளநீரில் ஒரு தட்டு. இப்போது ஒவ்வொரு ஆண்டும் கடல்பாசி அக்கா பொறுப்பு, பிள்ளைகள் முதலில் காலி செய்வதும் அதைத்தான்.

யார் என்ன கொண்டுவருவது என்று நான் பட்டியல் போடுவதில்லை. பட்டியல் போட்டால் செய்ய முடியாதவர்கள் வரவே கூச்சப்படுவார்கள். "ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், கையை வீசிட்டு வாங்க" என்பதுதான் அழைப்பு. யாராவது தானாகவே ஆசைப்பட்டுச் செய்து கொண்டுவந்தால் அதை மேசையின் நடுவில் வைப்போம், "மாமி செய்த தட்டை" என்று அட்டையும் எழுதுவோம்.

அந்தத் தட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இனிப்பு மட்டுமே வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் திகட்டிவிடும், எழுந்துவிடுவார்கள். தட்டை, மிக்சர், தேங்காய் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல் என்று காரம் இரண்டு மூன்று இருந்தால்தான் ஆட்கள் உட்காருவார்கள், மறுபடி ஓர் இனிப்பை எடுப்பார்கள், பேச்சு நீளும். சுண்டலில் வெங்காயம் வேண்டாம். சமணர்களும் விரதக்காரர்களும் அப்போது தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். டீயும் சுக்குக் காபியும் சர்க்கரை போடாமலேயே ஃபிளாஸ்க்கில் இருக்கும், சர்க்கரை தனிக் கிண்ணத்தில்.

சர்க்கரை நோய் இல்லாத வீடு இப்போது அபூர்வம். "கருப்பட்டிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் இரண்டு மூன்று முந்திரிக்கொத்தைக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கருப்பட்டியும் வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நான் அதை நேராகவே சொல்லிவிடுவேன், எல்லாவற்றையும் சின்ன அளவில் செய்வதும் அதற்குத்தான். முந்திரிக்கொத்தை மூன்றாகச் சேர்க்காமல் ஒற்றை உருண்டையாகவும் கொஞ்சம் சுட்டுவைப்பேன். மூன்றாம் மாடித் தாத்தா ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். வற்புறுத்தி ஊட்டுவது நம் பண்பாடு என்று சொல்வார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் ஒருமுறையோடு விட்டுவிடுவதுதான் மரியாதை என்று நான் நினைக்கிறேன். சின்னக் குழந்தைகள் கையில் முழு முந்திரியோ கெட்டி முறுக்கோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதுவும் கூடாது.

பலகாரம் சுடுவது 21, 22 தேதிகளில். நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி நமத்துவிடும். சரியாக ஆறிய அச்சு முறுக்கு இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். கடல்பாசியும் சுண்டலும் மட்டும் அன்றைக்கே செய்வது.

சுடுகிற நாளில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டதுதான் நாங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் என்று சொல்வேன். விருந்துக்கு அழைத்தால் வருகிறவர் விருந்தாளியாக நாற்காலி நுனியில் உட்காருவார். உருண்டை பிடிக்க அழைத்தால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். மாமிக்கு முட்டை கலந்த மாவைத் தொட விருப்பமில்லை, ஆனால் முந்திரிக்கொத்து உருண்டையை அவரைப்போல ஒரே அளவாகப் பிடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. பாகுப் பதம் பார்ப்பதிலும் அவர் கைதேர்ந்தவர், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை. அன்று பேசிய பேச்சுத்தான் 25-ஆம் தேதி கூட்டத்தைக் கலகலப்பாக்கியது. வந்தவர்களில் நாலைந்து பேர் ஏற்கெனவே அந்த வீட்டில் உழைத்தவர்கள், அவர்களே மற்றவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டு ஏற்பாட்டில் அதிகம் மெனக்கெட வேண்டாம். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் பாய் விரித்து, முதியவர்களுக்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலிகள் போடுவோம். மேசைகளைக் கூடத்தின் இரண்டு மூலைகளில் பிரித்து வைத்தால் நெரிசல் இருக்காது. செருப்புகள் படிக்கட்டை அடைக்காமல் ஒரு பக்கமாக வைக்க ஒரு பழைய விரிப்பு. காகித நட்சத்திரத்துக்குள் எல்இடி பல்பு மட்டும் போடுங்கள், குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும். மெழுகுவர்த்தியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம், புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் நிறைந்த கூடம் அது.

எங்கள் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். வாட்ச்மேன் அண்ணன், படிக்கட்டு பெருக்குகிற அக்கா, கீழே வண்டியில் இஸ்திரி போடுகிறவர். பண்டிகைக்கு இவர்களுக்குக் கேட்டிலேயே ஒரு பொட்டலம் கொடுத்து முடித்துவிடுவதுதான் எங்கும் வழக்கம். நாங்கள் அவர்களையும் அதே நாளில், அதே நேரத்தில், குடும்பத்தோடு அழைக்கிறோம். அதே நாற்காலி, அதே தட்டு. மற்ற வீட்டாரில் ஒருவர் இதற்கு முகம் கோணினார். என் கணவர் அவரிடம் தனியாகப் போய், "எங்க வீட்டுக்கு யார் வரணும்னு நாங்கதானே சார் முடிவு பண்ணணும்" என்று அமைதியாகச் சொன்னார். அவரும் வந்தார், அடுத்த ஆண்டும் வந்தார். வாட்ச்மேன் அண்ணனால் கேட்டை விட்டு வர முடியாது, "பரவால்லம்மா, குடுத்துவிடுங்க" என்றுதான் சொன்னார். இப்போது என் மகனும் அவன் நண்பனும் ஒரு மணி நேரம் கேட்டில் உட்காருகிறார்கள். அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு மனைவியோடு மேலே வருகிறார். அழைப்பது மட்டும் போதாது, அவர்கள் வருவதற்கு என்ன தடை இருக்கிறதோ அதை நாம்தான் எடுத்துவைக்க வேண்டும்.

ஜெபத்தைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் விசுவாசிகள், பண்டிகை எதற்காக என்பதை மறைத்துவைக்க விருப்பமில்லை. தொடக்கத்தில் குடிலின் முன்னால் நின்று என் மாமனார் ஒரு நிமிட ஜெபம் சொல்வார், பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, துண்டுப்பிரசுரம் இல்லை. நம் வீட்டுப் பலகாரத்துக்கு வந்தவர்களை நம் மதத்துக்கு அழைக்கும் கூட்டமாக அதை மாற்றினால் அது நம்பி வந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். பிள்ளைகள் கேள்வி கேட்டால் அது வேறு. குடிலில் மாடு எதற்கு, நட்சத்திரம் எதற்கு, நேற்றுவரை தொட்டில் ஏன் காலியாக இருந்தது என்று கேட்பார்கள். குழந்தை இயேசுவை 24 நள்ளிரவில்தான் வைப்போம் என்று என் மகள் விளக்கிக்கொண்டிருப்பாள். மாமியின் பேரன் அடுத்த நிமிடமே அவர்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று.

பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிடுவது நல்லது. தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, டீ வேண்டுமா என்று கேட்பது, தாத்தாக்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் இதைப் பெருமையாகச் செய்வார்கள். ஒரு வீட்டுக் குழந்தை இன்னொரு வீட்டுப் பாட்டியிடம் பேச அதைவிட இயல்பான வழி கிடையாது. சின்னவர்களுக்கு ஒரு தட்டில் வெறும் பிஸ்கட்டும் சர்க்கரைப் பாகும் வண்ண மிட்டாய்த் தூளும் கொடுத்துத் தரையில் செய்தித்தாள் விரித்துவிட்டால் அவர்கள் உலகம் தனி.

ஏழு மணிக்கு மேல் நீட்டுவதில்லை. சிலர் எட்டு வரைகூட இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் நாம் புதிதாக எதையும் எடுத்து வைக்கக்கூடாது, பெண்கள் இரவுச் சாப்பாட்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். போகும்போது காகிதப் பைகளில் கொஞ்சம் போட்டுத் தருவோம், அதிலும் முட்டை உள்ளதற்குச் சிவப்புப் புள்ளி, இல்லாததற்குப் பச்சைப் புள்ளி. அன்று வர முடியாமல் போனவர்கள் எப்படியும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இரவுப் பணிக்குப் போன நர்ஸ், காய்ச்சலில் படுத்திருந்தவர், படியிறங்க முடியாத பாட்டி. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்கு நானே எடுத்துப் போவேன். வாசலில் நின்று கொடுத்துவிட்டு வருவதில்லை, பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து யார் யார் வந்தார்கள், யார் என்ன பாடினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

சுட்ட எண்ணெயை இரண்டாம் முறை பொரிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், ஆறியதும் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பை எடுக்கிறவரிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், அடுத்த முறை மாவு ஒட்டும். வெந்நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். முட்டைக்கு ஒன்று, முட்டை இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு அச்சு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். முட்டை படாத அச்சை மாமி தன் வீட்டில் சுடுவதற்காக வாங்கிப் போயிருக்கிறார்.